எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், ஆனால் கால் ஊன்ற முடியவில்லை

கேள்வி: எனக்கு 38 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன் மாடியிலிருந்து சேலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்தேன், இன்னும் ஒரு படி இருந்தது. இடது கால் விரல்கள் தரையில் குத்தி, பாதம் மடங்கி, அதன் மேலேயே விழுந்தேன். அன்றே எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குதான் என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் வேலைக்குப் போய்விட்டேன். காலையில் பரவாயில்லை. மத்தியானத்துக்கு மேல் புறங்கால் வீங்கிச் செருப்பு வாரே மாட்ட முடிவதில்லை. படி இறங்குவதும், எக்கி மேல்தட்டில் சேலை எடுப்பதும் முடியவே இல்லை. விழுந்து இரண்டு மூன்று நாள் கழித்து உள்ளங்காலில் நீலமாக ஒரு கறை இருந்தது, அதுவாகவே போய்விட்டது. எண்ணெய் போட்டு உருவிக் கட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். நடந்து பழகினால்தான் சரியாகும் என்கிறார் வீட்டுக்காரர். எம்ஆர்ஐ எடுக்கணுமா? பின்குறிப்பு: என் அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அவருக்கும் பத்து நாளாக வலது பாதம் வீங்கிச் சிவந்திருக்கிறது, ஆனால் வலியே இல்லை என்று நடந்துகொண்டேதான் இருக்கிறார். அதற்கும் ஏதாவது மாத்திரை சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் பின்குறிப்பாக எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மாவை இன்றோ நாளையோ மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அதுவரை அந்தக் காலை ஊன்றவே விடாதீர்கள்.

பல வருடம் சர்க்கரை உள்ள ஒருவருக்குப் பாதம் வீங்கிச் சிவந்து சூடாக இருந்து, வலி மட்டும் இல்லையென்றால், அது ஆறுதலான சேதி இல்லை. பாதத்து நரம்புகள் மரத்துப்போனதால் வலி தெரியாமல் இருக்கலாம், உள்ளே நடுப்பாதத்து எலும்புகள் நொறுங்கி மூட்டுகள் விலகிக்கொண்டிருக்கலாம். இதற்கு சார்க்கோ பாதம் என்று பெயர். 1868-ல் ஃபிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் சார்க்கோ இதை விவரித்தபோது அவர் பார்த்தது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் முற்றித் தண்டுவடம் கெட்டவர்களை, இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளை. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலேயே இருக்கலாம், அதனால் சீழ்க்கட்டு, யூரிக் ஆசிட், ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வைத்தியம் ஓடிக்கொண்டிருக்கும். இவர் "வலி இல்லையே" என்று அதே காலில் நடந்துகொண்டிருப்பார், இரண்டு மூன்று மாதத்தில் பாதத்தின் வளைவு உட்கார்ந்து, உள்ளங்கால் நடுவில் எலும்பு துருத்தி, அந்த இடத்தில் புண் வரும். ஆறாத அந்தப் புண்தான் கடைசியில் காலை எடுக்கும் இடம் வரை கொண்டுபோகிறது.

இரண்டு பாதத்தையும் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வீங்கியது இன்னொன்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது, மருத்துவமனையில் சின்ன தெர்மாமீட்டர் வைத்து அளப்பார்கள், 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைக் கணக்கில் எடுப்பார்கள். சார்க்கோ என்று முடிவானால் மாத்திரை பெரிய அளவில் உதவாது, முழங்கால் வரை தோலோடு ஒட்டிய மாவுக்கட்டு போட்டு, சூடு தணியும் வரை மாதக்கணக்கில் எடை தாங்காமல் வைத்திருப்பதுதான் வைத்தியம். விரலிடுக்கில் வெடிப்போ புண்ணோ, சீழோ, காய்ச்சலோ இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அப்படியானால் நாளை என்றுகூடத் தள்ளாதீர்கள், இன்றே போங்கள். தயவுசெய்து வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, ஒத்தடம் கொடுத்தே வெந்துபோன பாதங்கள் ஏராளம்.

சரி, இப்போது உங்கள் கால்.

நேரில் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு இது சுளுக்காகத் தோன்றவில்லை. நடுப்பாதத்து மூட்டு ஜவ்வு கிழிந்து, எலும்புகள் கொஞ்சம் விலகியிருக்கலாம் என்றே சந்தேகம் போகிறது. லிஸ்ஃப்ராங்க் காயம் என்று எலும்பு மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, இன்றிலிருந்து அந்தக் காலில் எடை போடுவதை நிறுத்துங்கள். இரண்டு, இந்த வாரத்துக்குள் எலும்பு மருத்துவர் ஒருவரைப் பார்த்து, நின்றபடி இரண்டு பாதத்துக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ வேண்டுமா என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் எனக்கு அந்தச் சந்தேகம்? நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப்போன உள்ளங்கால் கறைதான் முதல் காரணம். சாதாரணக் கணுக்கால் சுளுக்கில் ரத்தக்கட்டு கணுக்காலின் வெளிப்பக்கம், குதிகால் ஓரம் என்று இறங்கும். உள்ளங்காலின் நடுவில், வளைவுப் பகுதியில் தனியாக நீலம் கட்டினால், அடியில் இருக்கிற கனமான ஜவ்வுகள் கிழிந்து அங்கிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். விழுந்த அன்றே அது தெரியாது, ஓரிரு நாள் ஆகும். எக்ஸ்ரே எடுத்த அன்று அது இருந்திருக்காது, அப்புறம் நீங்கள் போகவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அந்தக் கறையைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள், போனில் போட்டோ எடுத்திருந்தால் காட்டுங்கள்.

இரண்டாவது காரணம் நீங்கள் விழுந்த விதம். விரல்கள் தரையில் குத்தி, குதிகால் மேலே தூக்கியிருக்கும்போது, உடம்பின் எடையும் கையிலிருந்த சேலைக்கட்டின் எடையும் சேர்ந்து நீளவாக்கில் பாதத்தின் மேல் இறங்கியிருக்கிறது. நடுப்பாதம் உடைவதற்கு இதைவிடத் தோதான நிலை இல்லை. கடைசிப் படியைத் தவறவிட்டவர்கள், பஸ் படிக்கட்டில் இருந்து ஓட்டத்தோடு இறங்கியவர்கள், பள்ளத்தில் முன்பாதம் மட்டும் மாட்டிக்கொண்டவர்கள், கால்பந்தில் குதிகால் தூக்கியிருக்கும்போது பின்னாலிருந்து ஆள் வந்து விழுந்தவர்கள் எல்லோரும் இதே கதையைத்தான் சொல்வார்கள். வண்டியோடு சரிந்து, பாதம் வண்டிக்கடியில் நசுங்கியவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களுக்குக் காயம் இன்னும் பெரிதாக இருக்கும், ஆனால் எலும்பு பளிச்சென்று உடைந்திருப்பதால் கண்டுபிடிப்பதும் சுலபம். உங்களைப் போல மெதுவாக விழுந்தவர்களுக்குத்தான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பாதத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதி புரியும். விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீள எலும்புகள் இருக்கின்றன, மெட்டாடார்சல் என்பார்கள். அவற்றுக்கும் குதிகால் பகுதிக்கும் நடுவில் ஐந்து குட்டை எலும்புகள். உள்பக்கத்தில் படகு வடிவ நாவிகுலர், அதற்கு முன்னால் ஆப்பு வடிவத்தில் மூன்று கியூனிஃபார்ம்கள், வெளிப்பக்கத்தில் கியூபாய்டு. நீள எலும்புகளும் இந்தக் குட்டை எலும்புகளும் சேரும் வரிசைதான் லிஸ்ஃப்ராங்க் மூட்டு. பெருவிரல் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது நீள எலும்பின் அடிப்பகுதி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பின்னால் போய், தச்சர் காடி வெட்டி இறக்கிய கட்டைபோல, இரண்டு பக்கமும் கியூனிஃபார்ம்கள் பிடித்துக்கொள்ள நடுவில் உட்கார்ந்திருக்கும். அது அசையாமல் இருந்தால் மொத்தப் பாத வளைவும் அசையாமல் இருக்கும்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நீள எலும்புகளின் அடிப்பகுதிகளை ஒன்றோடொன்று ஜவ்வு கட்டியிருக்கிறது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அப்படி ஜவ்வு கிடையாது. அதற்குப் பதிலாக உள்பக்கத்துக் கியூனிஃபார்மில் இருந்து சாய்வாக இரண்டாவது எலும்பின் அடிக்கு ஒரு கெட்டியான ஜவ்வு போகிறது, லிஸ்ஃப்ராங்க் ஜவ்வு. அது அறுந்தால் பெருவிரல் வரிசை ஒரு பக்கமும் மற்ற நான்கு விரல் வரிசை இன்னொரு பக்கமும் பிரிய ஆரம்பிக்கும். லிஸ்ஃப்ராங்க் என்பவர் நெப்போலியன் காலத்து ஃபிரெஞ்சு அறுவை மருத்துவர். வேடிக்கை என்னவென்றால் அவர் இந்தக் காயத்துக்கு வைத்தியம் சொன்னவர் இல்லை, இந்த மூட்டு வரிசை வழியாகப் பாதத்தின் முன்பாதியை வேகமாக வெட்டி எடுக்கும் முறையைச் சொன்னவர். அந்தக் காலத்துக் குதிரைப்படை வீரர்கள் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியில் கால் மாட்டிக்கொண்டு விழுவார்கள், அவர்களுக்கு நேர்ந்ததும் உங்களுக்கு மாடிப்படியில் நேர்ந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். விழுந்த அன்று உங்களைப் படுக்க வைத்து, அல்லது மேசையில் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொல்லித்தான் எடுத்திருப்பார்கள். ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. எடை இல்லாத பாதத்தில் கிழிந்த ஜவ்வும் கிழியாத ஜவ்வும் ஒரே மாதிரிதான், எலும்புகள் தம்தம் இடத்தில் சமர்த்தாக இருக்கும். எழுந்து நின்றால்தான் இடைவெளி விரியும். இந்தக் காயங்களில் ஐந்தில் ஒன்று முதல் எக்ஸ்ரேயில் தவறிப்போகிறது என்று எலும்பு மருத்துவப் பாடநூல்களே எழுதிவைத்திருக்கின்றன, ஆக உங்களுக்கு நேர்ந்தது அபூர்வம் இல்லை. அன்று பார்த்த மருத்துவர்மேல் கோபப்படுவதற்கும் நான் இதைச் சொல்லவில்லை. புதிதாக அடிபட்ட வலியில் யாரையும் நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்க முடியாது. பத்து நாள் கழித்து வீக்கம் குறையாவிட்டால் திரும்ப வாருங்கள், நின்று எடுத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும், அதுதான் குறை.

எக்ஸ்ரே சென்டரில் "வெயிட் பேரிங், இரண்டு பாதமும், ஒரே படத்தில்" என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியிருந்தாலும் சில இடங்களில் அவசரத்தில் படுக்க வைத்து எடுத்து அனுப்பிவிடுவார்கள், நீங்களே கேட்டு நில்லுங்கள். நிற்கும்போது வலிக்குப் பயந்து எடை முழுவதையும் நல்ல காலில் போட்டுக்கொண்டு நின்றால் படம் மறுபடியும் பொய் சொல்லும், ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள். மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று கோணம் வேண்டும். நல்ல காலையும் சேர்த்து எடுப்பது ஏனென்றால், ஒவ்வொருவர் பாதத்திலும் அந்த இடைவெளி கொஞ்சம் வித்தியாசப்படும், உங்களுக்கு எது சாதாரணம் என்பதை உங்கள் வலது கால்தான் சொல்லும்.

படத்தில் மருத்துவர் தேடுவது இதைத்தான். இரண்டாவது நீள எலும்பின் உள்விளிம்பும் நடுக் கியூனிஃபார்மின் உள்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சாய்வுப் படத்தில் நான்காவது எலும்பின் உள்விளிம்பும் கியூபாய்டின் உள்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முதல், இரண்டாம் எலும்புகளின் அடியில் இடைவெளி மற்ற காலைவிட 2 மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் மூட்டு நிலையாக இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு எலும்புத் துணுக்கு கிடந்தால் பேச்சே இல்லை, ஜவ்வு தன்னோடு எலும்பையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. உங்கள் பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள், தேடுகிற கண்ணோடு பார்த்தால் அதிலேயே அந்தத் துணுக்கு இருந்தாலும் இருக்கும்.

நின்று எடுத்த படம் சுத்தமாக இருந்தும் வலி அதே இடத்தில் இருந்தால் அப்போது எம்ஆர்ஐ. ஜவ்வு கிழிசலும் எலும்பில் உள்காயமும் அதில் தெரியும். சிடி ஸ்கேன் நுணுக்கமான முறிவுகளைக் காட்டும், அறுவைச் சிகிச்சைக்குத் திட்டம் போட மருத்துவருக்கு வேண்டும், ஆனால் அதுவும் படுத்துக்கொண்டு எடுப்பதால் இடைவெளியை மறைத்துவிடலாம். பல ஆயிரம் செலவழித்து எம்ஆர்ஐயை முதலில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், நின்று எடுக்கும் எக்ஸ்ரேக்குச் சில நூறு ரூபாய்தான், பதில் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

லிஸ்ஃப்ராங்க் மட்டும்தான் என்றும் இல்லை. சின்னக் கியூபாய்டு முறிவு, ஐந்தாவது நீள எலும்பின் அடியில் முறிவு ஆகியவையும் சுளுக்கு என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு வலி வெளிப்பக்கத்தில் இருக்கும். போலீஸ் தேர்வுக்கு விடியற்காலையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு, எங்கும் விழாமலேயே, நாவிகுலர் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். ஓடினால் வலி, இரண்டு நாள் சும்மா இருந்தால் சரி, மறுபடி ஓடினால் வலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறு வாரம் கால் ஊன்றாமல் மாவுக்கட்டோடு இருந்தால்தான் சேரும். அந்த வயதில் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வைத்தியம். நின்ற படத்தில் விலகல் இல்லை, ஜவ்வு முழுதாக அறவில்லை என்றால் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. முழங்காலுக்குக் கீழ் மாவுக்கட்டு அல்லது கழற்றி மாட்டும் பூட், பொதுவாக ஆறு வாரம் ஊன்றாமல், நடுவில் இரண்டு வாரத்தில் ஒருமுறை நின்றபடி மறுபடி எக்ஸ்ரே, ஏனென்றால் முதலில் விலகாதது பின்னால் விலகக்கூடும். நீங்கள் ஏற்கெனவே ஐந்து வாரம் கழித்துவிட்டீர்களே, அது கணக்கில் வருமா என்றால், வராது. அந்த ஐந்து வாரத்தில் பெரும்பகுதி நீங்கள் கடையில் நின்றிருக்கிறீர்கள்.

விலகல் இருந்தால் அறுவைச் சிகிச்சைதான் நல்லது, இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. கட்டுப் போட்டு வைத்தால் சேர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். விலகிய இடத்திலேயே தழும்பு கட்டும், எலும்பு இடத்துக்குத் திரும்பாது, நடக்க நடக்க மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்து, ஓரிரு வருடத்தில் நிரந்தர வலியும் தட்டைப் பாதமும் மிஞ்சும். பாதத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒவ்வொரு அடிக்கும் கணக்குத் தீர்க்கும்.

அறுவைச் சிகிச்சையில் இரண்டு வழி. எலும்புகளைத் திரும்ப இடத்தில் வைத்து ஸ்க்ரூ அல்லது பிளேட் போட்டு, ஜவ்வு ஆறும் வரை பிடித்து வைப்பது ஒன்று. அதில் நாலைந்து மாதத்துக்கு மேல் பலருக்கு ஸ்க்ரூவை எடுக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் வரும், எடுக்காமல் விட்டால் உள்ளேயே ஒடிவதும் உண்டு. இன்னொன்று, கெட்டுப்போன மூட்டின் குருத்தெலும்பைச் சுரண்டிவிட்டு எலும்போடு எலும்பை ஒட்ட வைத்துவிடுவது. மூட்டையே மூடுவதா என்று கேட்டதும் பயம் வரும், ஆனால் பெருவிரல் பக்கத்து முதல் மூன்று மூட்டுகளுக்கு இயல்பிலேயே அசைவு மிகக் குறைவு, அவை ஒட்டிப்போனால் நடையில் பெரிதாகத் தெரியாது. வெளிப்பக்கத்து நான்காவது ஐந்தாவது மூட்டுகள்தான் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அசைந்துகொடுப்பவை, அவற்றை ஒட்ட மாட்டார்கள், தேவைப்பட்டால் கம்பி போட்டுச் சில வாரத்தில் எடுத்துவிடுவார்கள். எலும்பு உடையாமல் ஜவ்வு மட்டும் கிழிந்தவர்களுக்கு இந்த இரண்டாவது வழியே நன்றாக இருக்கிறது என்று 2006-ல் லை, கோட்சி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 41 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சொன்னார்கள். அப்புறம் வந்த ஆய்வுகள் அவ்வளவு தீர்மானமாக இல்லை, இன்றும் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறும். உங்களுக்கு ஐந்து வாரம் ஓடிவிட்டதால், நாள் தள்ளத் தள்ளப் பேச்சு இரண்டாவது வழிப் பக்கமாகத்தான் சாயும். இந்த வாரமே போங்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

எந்த வழியானாலும் ஆறிலிருந்து எட்டு வாரம், சில நேரம் அதற்கு மேலும், கால் ஊன்றக் கூடாது. அப்புறம் பூட்டோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை, மூன்றாவது மாதத்துக்கு மேல் கெட்டியான அடிப்பகுதி உள்ள ஷூ, உள்ளே வளைவைத் தாங்கும் இன்சோல். முழுமையாகத் தேற ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். நன்றாகச் செய்த பிறகும் சிலருக்கு மழைக்காலத்தில், நாளெல்லாம் நின்ற அன்று, வலி எட்டிப்பார்க்கும். இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது, "ஆபரேஷன் பண்ணியும் வலிக்குதே" என்று அப்புறம் மனம் நோக வேண்டியதில்லை.

கால் ஊன்றாதே என்று சொல்வது மருத்துவருக்குச் சுலபம். நம் வீடுகளில் அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். முதல் சிக்கல் கக்கூஸ். இந்திய முறைக் கழிப்பறையில் ஒற்றைக் காலில் குந்த முடியாது, முயற்சி செய்து விழுந்தவர்கள் உண்டு. மேலே வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கமோடு நாற்காலி மருந்துக் கடைகளில், சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும், வைத்தியத்துக்கு முன்பே அதை வாங்கி வையுங்கள். குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஈரம் படாமல் மாவுக்கட்டை மூட ஒரு பெரிய பை. வீட்டுக்குள் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்று கிடைத்தால் அடுக்களைக்கும் ஹாலுக்கும் போய்வர அதுவே போதும். வெளியே வாக்கரா அக்குள் கட்டையா என்றால், உங்கள் வயதுக்குக் கட்டை சரிப்படும், ஆனால் எடையை அக்குளில் போடாமல் உள்ளங்கையில் போட வேண்டும், இல்லாவிட்டால் கை மரத்துப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். முடியவில்லையென்றால் வெட்கப்படாமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குங்கள்.

படுத்திருக்கும்போது கால் நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்கும்படி இரண்டு தலையணை வையுங்கள். கட்டு போட்டிருக்கும்போது கெண்டைக்கால் திடீரென்று வலித்து இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி, ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருக்கலாம். விரல்கள் வெளுத்தாலோ மரத்தாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம், இரவு இரண்டு மணியானாலும் போய்ப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மாமியார் சொல்லும் எண்ணெய்க் கட்டு பற்றி. அவர் அக்கறையில் சொல்கிறார், அவர்கள் ஊரில் கை முறிந்த பலருக்குக் கட்டிலேயே சரியானதைப் பார்த்தும் இருப்பார். ஆனால் உருவுவது என்பது கிழிந்த ஜவ்வை இன்னும் இழுத்துவிடுவது, விலகத் தயாராக இருக்கும் எலும்பை விலக்கிவிடுவது. நாட்டுக் கட்டு போடுகிறவருக்குத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள இங்கே ஒன்றும் இல்லை, 2 மில்லிமீட்டர் விலகல் விரலுக்குப் பிடிபடாது. மனத்தாங்கல் வராமல் இருக்க, "டாக்டர் நின்னு ஒரு படம் எடுக்கச் சொல்லியிருக்காரு அத்தை, அது வரட்டும்" என்று சொல்லித் தள்ளிப்போடுங்கள். படத்தைக் கையில் வைத்து, இரண்டு பாதத்தின் இடைவெளியையும் அவருக்கே காட்டினால் அப்புறம் வாதம் இருக்காது.

நடந்து பழகினால் சரியாகும் என்கிற வீட்டுக்காரருக்கு: கணுக்கால் சுளுக்கு என்றால் அவர் சொல்வது ஏறக்குறைய சரி, சீக்கிரம் நடக்க விடுவதுதான் இன்றைய வைத்தியமும். நடுப்பாதத்துக்கு அது பொருந்தாது. ஐந்து வாரம் ஆகியும் குதிகாலைத் தூக்கி எக்க முடியவில்லை என்றால் அது பழக்கக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. எக்கிப் பார், எக்கிப் பார் என்று வீட்டில் தினமும் சோதிப்பதையும் நிறுத்துங்கள். அப்புறம் வலி மாத்திரை, அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதும் கூடாது, வலி மட்டும்தான் இப்போது உங்கள் காலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக வேலை. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் எப்படி என்ற பயத்தில்தான் பத்தாம் நாளே கடைக்குப் போயிருப்பீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் நீங்கள் இஎஸ்ஐயில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். நீங்கள் விழுந்தது கடையில், கடைச் சரக்கைச் சுமந்துகொண்டு. அது வேலையில் நேர்ந்த காயம். சாதாரண நோய்க்கு இஎஸ்ஐ தருவது சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. வேலைக் காயத்துக்குத் தருவது 90 சதவீதம், குணமாகும் வரை. அதற்கு நிர்வாகம் விபத்து அறிக்கை கொடுத்திருக்க வேண்டும், கடை விபத்துப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். அன்று எழுதவில்லையென்றால் இப்போதாவது எழுத்தில் கேளுங்கள், கூட இருந்து தூக்கிவிட்டவர்கள் யார் என்பதையும் குறித்து வையுங்கள். முதல் எக்ஸ்ரே சீட்டில் "படியில் தவறி விழுந்தது" என்று தேதியோடு எழுதியிருந்தால் அது நல்ல சாட்சி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இஎஸ்ஐ இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷன் அதில் வருமா என்று சேரும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

திரும்ப வேலைக்குப் போகும்போது உட்கார இடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி வசதி கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். பல கடைகளில் அந்த ஸ்டூல் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும்தான் வெளியே வரும் என்பது எனக்கும் தெரியும். மருத்துவரிடம் "தொடர்ந்து நிற்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, சுமை தூக்கக் கூடாது, இத்தனை மாதத்துக்கு" என்று தெளிவாக எழுதி வாங்கிக் கொடுத்தால் சூப்பர்வைசருக்கும் மறுப்பது கஷ்டம். பில்லிங் பக்கம் மாற்றித் தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். ரப்பர் செருப்பும் வளையும் அடிப்பகுதி உள்ள தட்டைச் செருப்பும் ஒரு வருடத்துக்கு வேண்டாம், கடையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கும் வழக்கம் இருந்தால் அதற்கும் விலக்குக் கேட்டு அதே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நின்றபடி எடுத்த எக்ஸ்ரே வந்ததும் இரண்டு படத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அம்மாவை எந்த மருத்துவர் பார்த்தார், என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.